வீட்டில் தமிழ் பேசினால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமா?

இந்த வருஷம் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஓர் இளம் தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பையனுக்கு ரெண்டே கால் வயசு ஆகுது. அம்மா, தாத்தா, பூ, இந்த மாதிரி ஏழெட்டு வார்த்தைதான் வருது. ப்ளே ஸ்கூல் மிஸ், வீட்ல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்கன்னு சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். பின்னால் மாமியார் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

பிம்ப்ரிக்கு நான் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறேன். கை கழுவும் இடத்தில் நின்றபடி பதில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல. சங்கச் செயலாளர் சித்திரை மலருக்குக் கட்டுரை கேட்டதும், இதையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தத் தாயிடம் அனுமதி கேட்டுத்தான் அவருடைய கதையையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

என் தொழில் என்ன?

என்னைப் பலரும் 'காது டாக்டர்' என்று நினைக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. பேச்சு மற்றும் மொழி சிகிச்சை அளிப்பவள். சுருக்கமாக ஸ்பீச் தெரபிஸ்ட். 1965-ல் மைசூரில் மத்திய அரசு தொடங்கிய பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்தேன். 1983-ல் மும்பை பாந்த்ராவில் அலி யாவர் ஜங் நிறுவனம் வந்தது. இன்று புனேயிலேயே பாரதி வித்யாபீடத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது.

பேச வராத குழந்தை, திக்கிப் பேசுகிறவர், குரல் கட்டிப்போன ஆசிரியர், பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர், விழுங்க முடியாமல் புரையேறும் நோயாளி என்று எல்லோரும் எங்களிடம் வருவார்கள். இவர்களுக்கு மருந்து மாத்திரை கிடையாது, பயிற்சிதான் மருந்து. அதில் முக்கால் பங்கை வீட்டில் இருப்பவர்கள்தான் செய்யவேண்டும். வீட்டு மொழி எங்கள் தொழிலில் இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நான் செய்த தவறு

சுமார் இருபது வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. இரண்டரை வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பாட்டிதான் பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டார். பாட்டியோடு தமிழ், அடுத்த வீட்டில் மராத்தி, கீழே விளையாடும் பிள்ளைகளோடு இந்தி, டெலிவிஷனில் ஆங்கிலம். பையன் நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லை.

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இத்தனை மொழி இருந்தால் குழந்தை குழம்பிப் போகும். ஸ்கூல் இங்கிலீஷ்தானே, வீட்டிலும் அதையே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்காக என் தவறு சரியாகிவிடாது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. பாட்டியே அவனைக் கூட்டி வந்தார். பையனிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. வீட்டில் அவனோடு எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க சொன்னதுல இருந்து நான் அவன்கிட்ட பேசுறதே இல்லம்மா. எனக்கு இங்கிலீசு வராதுல்லா. சோறு ஊட்டிட்டு எந்திச்சிருதேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னபடி நடந்துகொண்டதைத்தான் சொன்னார்.

ஒரு நாளில் பத்து மணி நேரம் அந்தக் குழந்தையோடு இருந்த ஒரே மனுஷியின் வாயை நான் அடைத்திருந்தேன். எஞ்சிய நேரத்தில் அலுத்துக் களைத்து வீடு திரும்பிய பெற்றோர், தங்களுக்கே பழக்கமில்லாத வீட்டு ஆங்கிலத்தில் "கம்", "சிட்", "ஈட்" என்று மூன்று சொல் பேசியிருக்கிறார்கள். கதை, பாட்டு, கோபம், கொஞ்சல் எல்லாம் போய்விட்டது. மொழி கற்கவேண்டிய குழந்தைக்கு மொழியே கிடைக்காமல் செய்துவிட்டேன்.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றே அவரை என் பயிற்சிக்கு உதவியாளராக்கினேன். ஒரே நாளில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. ஏழு வயது வரை பயிற்சிக்கு வந்தான். ஆனால் முதல் இரண்டு சொல் வாக்கியத்தைத் தமிழில்தான் பேசினான், அதுவும் பாட்டியிடம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டு மொழி பேசும் குழந்தைகள் அறிவில் பின்தங்குவார்கள் என்று பல ஆய்வுகள் சொல்லின. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளையும் வசதியான ஒருமொழிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுக் கிடைத்த முடிவுகள் அவற்றில் நிறைய. 1962-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர், ஒரே மாதிரிக் குடும்பச் சூழ்நிலையில் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முந்தியே இருந்தார்கள். இதை நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். க்ளினிக்கில் உட்கார்ந்தபோது ஞாபகம் வரவில்லை.

"சரி, நல்ல குழந்தைக்குப் பரவாயில்லை. குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டு மொழி சுமை ஆகாதா?" என்று கேட்பீர்கள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் கனடாவில் மொழிக் குறைபாடுள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் பேசிய பிள்ளைகள், ஒரே மொழி பேசிய அதே குறைபாடுள்ள பிள்ளைகளைவிட அதிகத் தவறு செய்யவில்லை. 2005-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் இதே மாதிரி முடிவு கிடைத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளும் வீட்டு மொழியால் கெடுதல் இல்லை என்றே காட்டுகின்றன.

இன்னொரு விவரமும் கேளுங்கள். 1997-ல் அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அந்தக் குழந்தைகளின் வீட்டில் தமிழும் இல்லை, மராத்தியும் இல்லை. ஒரே மொழிதான். அப்படியும் குறைபாடு வந்திருக்கிறது. ஆகவே பேச்சு தாமதத்துக்கு மொழிகளின் எண்ணிக்கை காரணம் அல்ல.

வார்த்தையை எப்படி எண்ணவேண்டும்?

பொதுவாகக் குழந்தை ஒரு வயதை ஒட்டி முதல் சொல்லைச் சொல்லும். இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொற்கள் இருக்கவேண்டும். "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கவேண்டும்.

இந்த ஐம்பதை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணவேண்டும். 'தண்ணி' என்று பாட்டியிடமும், 'பாணி' என்று வேலைக்கு வரும் பாயியிடமும் சொன்னால் இரண்டு சொல் என்று கணக்கு. பள்ளியில் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிவிட்டு 'இவனுக்குப் பதினைந்துதான் தெரியும்' என்றால், அது ஒரு பையில் இருக்கும் பணத்தை மட்டும் எண்ணுவது போல. 1993-ல் மயாமி நகரில் ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் கேட்டு வளரும் குழந்தைகளிடம் இப்படிக் கூட்டி எண்ணிப் பார்த்தார்கள். ஒருமொழிக் குழந்தைகளுக்குச் சமமாகவே இருந்தது. "அம்மா, மலா பால் வேணும்" என்று மராத்தியையும் தமிழையும் கலந்து பேசுவதும் வியாதி அல்ல. நாமே "ஆபீஸுக்கு லேட் ஆயிடுச்சு" என்றுதானே பேசுகிறோம்?

உச்சரிப்பு விஷயத்திலும் இதே குழப்பம் வரும். ஒரு பள்ளியிலிருந்து ஆறு வயதுப் பெண்ணை 'உச்சரிப்புக் கோளாறு' என்று அனுப்பினார்கள். இந்தியில் சாப்பாட்டையும் பாட்டையும் ஒரே மாதிரிச் சொல்கிறாளாம். நம் எழுத்தில் இரண்டையும் 'கானா' என்றுதானே எழுதமுடியும்! மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகள் தமிழில் கிடையாது. புதிதாக இந்தி கற்கும் தமிழ்க் குழந்தை இப்படிப் பேசுவது மொழி வேறுபாடு, கோளாறு அல்ல. அதே பெண் மராத்தியில் 'ள' வரும் சொற்களைச் சுலபமாகச் சொன்னாள், அந்த ஒலி நம் மொழியிலும் இருப்பதால். நான் அவளுக்குப் பயிற்சி எதுவும் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன்.

அதற்காகச் சும்மா இருக்கலாமா?

கூடாது. இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இரண்டாவது விஷயம். 'மொழி குழப்பம்' என்ற பேச்சில் உள்ள பெரிய அபாயம், உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவதுதான். தமிழை நிறுத்தினோம், சரியாகிவிடும் என்று ஒரு வருஷம் காத்திருப்போம். அந்த வருஷம் திரும்ப வராது. 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று சொல்லிக் காத்திருப்பதும், நாக்கில் வசம்பு தடவிக் காத்திருப்பதும் அப்படியே.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்க வேண்டாம்:

ஒரு வயதாகியும் 'பப்பப்பா', 'மம்மம்மா' போன்ற மழலை இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. விரலால் சுட்டிக் காட்டுவதில்லை.

ஒன்றரை வயதில் பத்துச் சொல் கூட இல்லை, அல்லது சொன்னது புரியவில்லை.

இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்து ஐம்பது சொல் இல்லை. இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை.

எந்த வயதிலும், முன்பு பேசிய பேச்சு நின்றுபோகிறது.

முதலில் செய்யவேண்டியது காது பரிசோதனை. "டிவி சத்தத்துக்குத் திரும்புறானே, காது நல்லாத்தான் கேட்குது" என்பார்கள். ஓரளவு கேட்கும் குறை உள்ள குழந்தைக்குக் குக்கர் விசில் கேட்கும், கதவு தட்டினால் கேட்கும். மெதுவாகப் பேசும் பேச்சில் உள்ள நுட்பமான ஒலிகள்தான் கேட்காது. தூங்கும் குழந்தைக்கே எடுக்கக்கூடிய 'பெரா' பரிசோதனையில் இது தெரிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை.

தெரபிஸ்டிடம் போகும்போது, அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கவுன்சிலுக்கான சட்டம் 1992-ல் வந்தது. பூனா வட்டாரத்தில் தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது சிரமம். அதனால் குழந்தை யாரோடு எந்த மொழியில் எத்தனை நேரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாட்டியோடு அது பேசுவதைப் போனில் ஐந்து நிமிஷம் பதிவு செய்து, அர்த்தமும் சொல்லுங்கள். அந்தப் பதிவு எங்களுக்குப் பெரிய உதவி.

வீட்டில் என்ன செய்வது?

திருநெல்வேலிப் பாட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்ததும், அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்த பட்டியல் இது. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் 'ஆப்பிள் சொல்லு' என்று கேட்காதீர்கள். பேசிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். குழந்தைக்குப் பதில் தேட நேரம் வேண்டும். அது 'பால்' என்றால் நீங்கள் 'பால் வேணுமா? சூடான பால்!' என்று ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். 'தோசையா, இட்லியா?' என்று கேளுங்கள். திக்கிப் பேசும் குழந்தையிடம் 'மெதுவாச் சொல்லு, மூச்சு விடு' என்று திருத்தாமல், நீங்கள் மெதுவாகப் பேசி, அது முடிக்கும் வரை கேளுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் செய்யமுடியும். தமிழ் உசத்தி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மராத்திக்காரக் குடும்பம் வந்தால் மராத்தியை விடாதீர்கள் என்றும், பிம்ப்ரி கேம்ப்பிலிருந்து சிந்திக் குடும்பம் வந்தால் சிந்தியை விடாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கும் இதே கதை

இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான பகுதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1865-ல் பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் இதை எடுத்துக்காட்டினார். ஆஸ்பத்திரியில் அவரிடம் இந்தியில் 'கையைத் தூக்குங்கள்' என்றார்கள். அசையவில்லை. 'சொல்வது புரியவில்லை' என்று எழுதிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்த் தமிழில் "ஐயா, கண்ணை மூடுங்க" என்றேன். மூடினார். "இப்ப மருமகளைப் பாருங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். மருமகள் அழுதுவிட்டார்.

பேச்சில் 'ஆமா, ஆமா' மட்டும்தான் வந்தது. ஆனால் மனைவி கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்கினால் கூடவே சொல்லுவார். "சாமி பாட்டு வருது, தண்ணி கேட்க வரலையா?" என்று மகனுக்குச் சந்தேகம். நடிப்பு அல்ல அது. பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகியது வேறு வழியாக வருகிறது. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அந்தப் பழகிய வழியையே பிடித்துக்கொண்டு நாங்கள் பயிற்சியைத் தொடங்குவோம்.

பல மொழி தெரிந்தவருக்கு எது முதலில் திரும்பும்? முதலில் கற்றதுதான் தங்கும் என்ற கருத்தை 1881-ல் பிரான்சின் ரிபோ முன்வைத்தார். அதிகம் புழங்கியதுதான் முதலில் திரும்பும் என்று 1895-ல் பித்ர் சொன்னார். பின்னால் தொகுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எல்லா மொழிகளும் சேர்ந்தே திரும்புகின்றன. நம் பெரியவருக்கு வீட்டுப் பேச்சு தமிழிலும், எண்கள் மராத்தியிலும் வந்தன. மெஷினில் எண்ணிய மொழி அல்லவா! நோயாளியின் எல்லா மொழியிலும் கேட்டுப் பார்க்காமல் 'புரியவில்லை' என்று முடிவு செய்யக்கூடாது. பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது புரையேறினால் அதையும் உடனே சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு மறதி நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் காணப்பட்டது. 2016-ல் 608 பக்கவாத நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத் திறன் கெடாமல் இருந்தவர்கள் இருமொழியாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர், ஒருமொழியாளர்களில் இருபது பேர். பேச்சிழப்பில் மட்டும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. நாலு மொழியோடு வாழ்வது நமக்கு நஷ்டம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

பொங்கலன்று கேட்ட கேள்வி

அந்தத் தாயிடம் அன்று இரண்டே வாக்கியம்தான் சொன்னேன். "தமிழை நிறுத்தாதே. இந்த வாரமே காது பரிசோதனை செய்." செய்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் குறை இருந்தது. தமிழை நிறுத்திவிட்டு ஒரு வருஷம் காத்திருந்தால், ஆங்கிலமும் அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

மார்ச் மாதம் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினோம். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வருகிறான், பாட்டியோடு. அடுக்களையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டதற்கு முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான் என்று போன வாரம் பாட்டி சொன்னார். இன்னும் நிறைய நாள் உழைக்கவேண்டும். இப்போது அவனிடம் இருபத்திரண்டு சொற்கள் இருக்கின்றன. மராத்தியில் மூன்று, ஆங்கிலத்தில் இரண்டு, மற்றது தமிழ். பட்டியலைப் பாட்டிதான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார்.